அன்ரன் அண்ணாவின் நீலப் பட்டி

கணக்குப் பிரிவுக்கு ட்ரெய்னியாகப் போகிற எல்லாரும் கணக்குப் பார்க்கத்தான் போகிறோம் என்று நினைத்துக்கொண்டு போகிறார்கள்; அங்கே போனால் ஒரு கையெழுத்திலிருந்து இன்னொரு கையெழுத்துக்கு நடப்பதுதான் வேலை.

நீங்களும் ஒரு காலத்தில் கழுத்தில் பட்டியோடும் கையில் ஃபைலோடும் யாருடைய மேசைக்கு முன்னாலாவது “மிஸ், ஒரு சைன்” என்று பல்லைக் காட்டிக்கொண்டு நின்றிருந்தால், இதை உங்களுக்குத்தான் எழுதுகிறேன். நிற்காதவர்கள் கொடுத்துவைத்தவர்கள், சும்மா வாசித்துவிட்டுப் போகலாம். நான் நின்றது கொழும்பில், பேர் சொன்னால் எல்லாருக்கும் தெரிந்த ஒரு பெரிய கம்பனியின் ஏழாம் மாடியில். ஆறு மாதம் என்று போனேன். ஏழு மாதம் நின்றேன். அந்த ஏழாவது மாதம் ஏன் வந்தது என்பதையும் ஒளிக்காமல் சொல்கிறேன்.

மஞ்சள் பட்டி

முதல் நாள் வெள்ளவத்தையில் பஸ் ஏறி, கொழும்பு–காலி வீதி முழுக்க ஒற்றைக் காலில் நின்று, புதுச் சப்பாத்து குதியைக் கடிக்க ஒரு மாதிரிப் போய்ச் சேர்ந்தேன். வரவேற்பு மேசையில் ஒரு தாளை நீட்டினார்கள். இந்த அடையாள அட்டை கம்பனியின் சொத்து, விலகும்போது திருப்பித் தருவேன் என்று அதில் இருந்ததாம். நான் வாசிக்காமல் கையெழுத்து வைத்தேன். நீங்களும் வாசித்திருக்க மாட்டீர்கள், சும்மா சொல்லாதீர்கள்.

அட்டையைக் கழுத்தில் தொங்கவிட நிரந்தர ஊழியருக்கு நீலப் பட்டி, ட்ரெய்னிக்கு மஞ்சள், வெளியாருக்குச் சிவப்பு. பட்டியின் நிறத்தைப் பார்த்துத்தான் லிஃப்டில் யாருக்கு இடம் விடுவது என்று ஆட்கள் முடிவு செய்வதை இரண்டாம் நாளே கண்டுபிடித்துவிட்டேன். எனக்கு அந்த மஞ்சளைப் பார்க்கவே பிடிக்கவில்லை. கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டு, பெரிய உத்தியோகத்தர் மாதிரி விறுவிறு என்று உள்ளே போகப் பார்த்தேன். வாசலில் நின்ற செக்யூரிட்டி அண்ணன், பதுளைப் பக்கத்து ஆள், கையை நீட்டி மறித்தார்.

“மிஸ், கழுத்துல போடுங்க. பையில இருந்தா அது யாரோட கார்டும் இல்ல.”

கண்டியா?

எனக்குத் தந்த ஒரேயொரு ஆயுதம் ஒரு றப்பர் முத்திரை. ‘மூலப்பிரதியைப் பார்த்தேன்’ என்று ஆங்கிலத்தில் இருக்கும். உண்மையான பில்லையும் அதன் போட்டோகொப்பியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இரண்டும் ஒன்றுதானா என்று மூலைக்கு மூலை பார்த்து, கொப்பியில் சீல் குத்தி, கீழே என் பேரைச் சுருக்கி எழுத வேண்டும். முதல் கிழமை ஒழுங்காகப் பார்த்தேன். இரண்டாம் கிழமை எனக்குத் துணிவு வந்துவிட்டது. கொப்பிகளை அடுக்கி வைத்து, சந்தையில் மீன் வெட்டுகிற வேகத்தில் டப் டப்பென்று குத்தித் தள்ளினேன்.

டில்ருக்ஷி மிஸ்தான் எங்கள் பிரிவின் தலைவி. குரலை உயர்த்தவே மாட்டார், அதுதான் பயம். சிங்களமும் ஆங்கிலமும் கலந்து கதைப்பார். அவர் சொன்னதையெல்லாம் நான் இங்கே தமிழில் தருகிறேன், தங்கச்சி என்பதற்கு அவர் சொல்கிற ‘நங்கி’யைத் தவிர. என் ட்ரெய்னிங் ரெக்கோட் புத்தகத்தில் மாதாமாதம் அவர் கையெழுத்து வைத்தால்தான் அந்த மாதம் என் படிப்புக்குச் செல்லும். ஆகவே அவருடைய செருப்புச் சத்தம் கேட்டாலே என் முதுகு நிமிர்ந்துவிடும்.

அன்றைக்கு அவர் வந்து, நான் குத்தி முடித்த அடுக்கிலிருந்து ஒரு கொப்பியை உருவி, “இதின்ர மூலப்பிரதி எங்கே?” என்று கேட்டார். தேடினேன், தேடினேன், ஃபைலைத் தலைகீழாகப் பிடித்து உதறியும் பார்த்தேன். அப்படி ஒன்று இல்லவே இல்லை. கடைக்காரரே எங்களுக்குக் கொப்பியைத்தான் அனுப்பியிருக்கிறார். இல்லாத ஒன்றைப் பார்த்ததாக நான் சீலும் குத்தி, பேரும் எழுதியிருக்கிறேன். மிஸ் ஏசவில்லை. கொப்பியை என் முன்னால் வைத்தார்.

“நங்கி, நீ இதைக் கண்டியா? கண்டா குத்து. காணாட்டிக் குத்தாதே.”

சிவப்புப் பட்டி

அன்ரன் அண்ணா எங்கள் பிரிவின் பேங்க் ஆள். தினமும் காலையில் செக்குகளையும் ஸ்லிப்புகளையும் ஒரு கறுப்புப் பையில் போட்டுக்கொண்டு மோட்டார் சைக்கிளில் போவார். பத்து மணிக்கு வங்கிக் கவுண்டரில் நிற்பார். கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்த ஆள், ஐம்பத்து நாலு வயது. முதல் நாள் ‘அங்கிள்’ என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். “அங்கிள்ன்னு சொன்னா நான் லீவு போட்டுட்டுப் போயிருவேன், அண்ணான்னு கூப்பிடுங்க” என்றார். தமிழிலும் சிங்களத்திலும் ஒரே மூச்சில் பகிடி விடுவார். செக்கில் ஸ்டேப்பிள் அடித்த மூலை பிழை என்றால் மட்டும் பையில் போட மாட்டார், மேசையிலேயே திருப்பி வைத்துவிட்டுச் சீட்டியடித்துக்கொண்டு நிற்பார். அந்தச் சீட்டிக்கு எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இன்னொரு விஷயத்திலும் அவரிடம் பகிடி இல்லை. மடிப்புக் கலையாத கம்பனிச் சட்டைக்கு மேல் நீலப் பட்டியும் கார்டும் நேராகத் தொங்க வேண்டும். கார்ட் திரும்பி முதுகைக் காட்டினால் நடக்கும்போதே திருப்பிவிடுவார். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசைக்கும் அதைப் போட்டுக்கொண்டு போனார் என்று எங்கள் டிரைவர் ஒரு நாள் சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்தேன். சிரித்ததோடு நின்றேனா? “என்ன அண்ணா, கோயில் வாசலிலயும் செக் பண்ணுகினமோ?” என்று என் பங்குக்கு ஒன்றைப் போட்டேன். எனக்கு வாய் சும்மா இருக்காது.

அவரும் சிரித்தார். பிறகு பையைப் பூட்டிக்கொண்டே சொன்னார். ஆள் அனுப்புகிற ஏஜென்சி ஒன்றின் மூலம்தான் அவர் இங்கே வந்தாராம். வேலை இங்கே, சம்பளம் ஏஜென்சியில், கம்பனிக் கார்ட் கிடையாது. ஒவ்வொரு நாள் காலையும் வாசலில் பேர் எழுதிச் சிவப்புப் பட்டி வாங்கி, பின்னேரம் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போவாராம். நிரந்தரமாக்கி நீலப் பட்டி தந்து மூன்று வருசம்தான் ஆகிறதாம்.

“பத்தொன்பது வருசம் நான் இந்தக் கட்டடத்துக்கு விசிட்டர், தங்கச்சி.”

செத்த வீடு

என் நாலாவது மாதத்தில், ஒரு பௌர்ணமிப் போயா விடுமுறை நாள், மத்தியானம் சாப்பிட்டுவிட்டு நெஞ்சு நோகிறது என்று படுத்த அன்ரன் அண்ணா பிறகு எழும்பவில்லை. அடுத்த நாள் ஒஃபிஸ் வேனில் எல்லாருமாகப் போனோம். கோயில் மணி கேட்கிற தூரத்தில் ஒடுங்கின ஒழுங்கை, வெள்ளைக் கொடிகள், பிளாஸ்ரிக் கதிரைகள். முன்னறை முழுவதையும் சவப்பெட்டியே பிடித்திருந்தது. தலைமாட்டில் அவர் மனைவி பிலோமினா அக்கா. அவர் தோளில் முகத்தைப் புதைத்தபடி பள்ளிக்கூடம் போகிற ஒரே மகள்.

பெட்டிக்குள் அவர் கம்பனிச் சட்டையோடு கிடந்தார். விரல்களுக்குள் செபமாலை. கழுத்தில் நீலப் பட்டி, நெஞ்சில் கார்ட். யார் போட்டுவிட்டது என்று கேட்கத் தேவையில்லை. கோயில் வாசலில் செக் பண்ணுகினமோ என்று கேட்ட என் வாயை எங்கே கொண்டுபோய் வைப்பதென்று தெரியாமல் நின்றேன். அழுகை வந்தது, அழுதேன்.

எனக்கு முன்னால் டில்ருக்ஷி மிஸ், வெள்ளைச் சேலையோடு. கார்ட் திரும்பி முதுகைக் காட்டிக்கொண்டிருந்தது. மிஸ் குனிந்து, இரண்டு விரலால் அதைப் பிடித்துத் திருப்பிவிட்டார். படமும் பேரும் மேலே வந்தன. சொந்தக்காரர் யாரோ போட்டோ எடுத்துக்கொண்டு நின்றார்கள். திரும்பி வரும்போது வேனில், அன்றைக்குச் சிரித்த அதே டிரைவர்தான் கதையைத் தொடங்கினார்.

“அந்த மனிசன் கார்டைப் போட்டதுக்கு நான் சிரிச்சிருக்கக் கூடாது, மிஸ்.”

பத்து மணி

புது ஆள் வரும் வரை பேங்குக்கு யார் போவது? வேறு யார், ட்ரெய்னிதான். கறுப்புப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு முச்சக்கர வண்டியில் போனேன். வரிசையில் நின்று என் முறை வந்ததும் பையைக் கவுண்டரில் வைத்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தலையில் முக்காடு போட்ட ஒரு காசாளர், அண்ணனை ‘நானா’ என்கிற முஸ்லிம் அக்கா. அவர் என்னைப் பார்க்கவில்லை. பையைத்தான் பார்த்தார். பிறகு என் பின்னால் எட்டிப் பார்த்தார்.

“அன்ரன் நானாட பை வந்திருக்கு. ஆள் எங்க?”

இல்லாத லப்டொப்

கம்பனியை விட்டுப் போகிறவருக்குச் சேரவேண்டிய காசு கைக்கு வருமுன் ஒரு படிவம் நிரம்ப வேண்டும். பதினொரு கட்டம், பதினொரு பிரிவு. இவரிடம் எங்கள் சாமான் ஒன்றும் இல்லை என்று ஒவ்வொரு பிரிவும் கையெழுத்து வைக்க வேண்டும். செத்தவருக்கும் அதே படிவம்தான். ‘விலகும் காரணம்’ என்ற இடத்தில் ‘வேறு’ என்று போட்டிருந்தது. அதைக் காவிக்கொண்டு மாடி மாடியாக ஏறி இறங்க என்னை அனுப்பினார்கள். கம்பியூட்டர் பிரிவில், தலையை நிமிர்த்தாமலே லப்டொப்பை மேசையில் வைக்கச் சொன்னார்கள். அவருக்கு லப்டொப்பே தரவில்லை, அவர் பேங்குக்குப் போகிற ஆள் என்றேன். அவர் செத்துப்போனார் என்றும் சொன்னேன். அப்போதுதான் அந்தப் பொடியன் தலையை நிமிர்த்தினான். முகத்தில் உண்மையாகவே கவலை இருந்தது.

“ஐயோ பாவம். அப்ப லப்டொப் தரேல்ல எண்டதுக்கு ஒரு கடிதம் மட்டும் கொண்டு வாங்கோ.”

பதினோராவது கட்டம்

நான் இப்படி அலைந்துகொண்டிருக்க, பிலோமினா அக்காவிடம் இருந்து போன் வரும். தமிழ் கதைக்கிறபடியால் எனக்குத்தான் தருவார்கள். வீட்டுக்காரர் வாடகை ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க ஒரு வருச முன்பணம் கேட்கிறாராம். மாச முடிவுக்குள் தராவிட்டால் எழும்பச் சொல்கிறாராம். மகள் ஓ.எல். சோதனை எடுக்கிற வருசம், பள்ளிக்கூடம் பக்கத்துத் தெருவில். “காசு எப்ப கிடைக்கும், மகள்?” என்று என்னைக் கேட்பார். கெஞ்ச மாட்டார். கேட்பார், அவ்வளவுதான். “இந்தக் கிழமை அக்கா” என்று நான் கிழமைக்குக் கிழமை சொல்லிக்கொண்டிருந்தேன்.

பத்துக் கட்டமும் நிரம்பியது. பதினோராவது அட்மின் பிரிவு: ஐடி கார்ட். அதை நானே கம்பியூட்டரில் பதிய வேண்டும். மூன்று தெரிவுகள் இருந்தன: திருப்பித் தரப்பட்டது, பழுதடைந்தது, தொலைந்தது. முதல் இரண்டுக்கும் கார்டைக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். கார்ட் எங்கே இருக்கிறதென்று எனக்குத் தெரியும், அவரோடு பெட்டிக்குள், நான் கண்ணால் கண்டவள். இருந்தும் ‘தொலைந்தது’ என்பதை அமத்தினேன். பிலோமினா அக்காவுக்கு நாலு நாள் மிச்சம் பிடித்துக் கொடுக்கிற கெட்டித்தனம் என்று என் நினைப்பு.

அமத்தின பிறகுதான் அட்மின் அதிகாரி விதியைச் சொன்னார். தொலைந்தது என்றால் பொலிஸ் முறைப்பாட்டுப் பிரதி வேண்டும். பதிந்ததை மாற்றுவதென்றால் எங்கள் பிரிவுத் தலைவர் எழுத்தில் தர வேண்டும். மிஸ்ஸிடம் போய், நான் பொய்யாகப் பதிந்துவிட்டேன் என்று சொல்வதா? சீல் விஷயத்தில் ஒரு தடவை வாங்கிக் கட்டினது காணாதா? என் ரெக்கோட் புத்தகம் வேறு அவர் மேசை லாச்சிக்குள் கிடந்தது. பயந்துவிட்டேன். அப்போ பொலிஸுக்கே போகலாம், யார் போக வேண்டும் என்று கேட்டேன். மனிசன் சுற்றறிக்கையை எடுத்து, கண்ணாடியைப் போட்டு, வரிவரியாகப் பார்த்துவிட்டுத்தான் சொன்னார்.

“கார்டைத் தொலைச்சவர்தான் நேரில போய்க் குடுக்கோணும்.”

மழைக்கோட்

தொலைச்சவர் நேரில் போக ஏலாத இடத்தில் இருக்கிறார் என்று விளங்கப்படுத்தினதும், மனைவி கொடுத்தாலும் காணும் என்று இறங்கி வந்தார். சனிக்கிழமை காலை கொட்டாஞ்சேனைக்குப் போனேன். ‘எனது கணவரின் அடையாள அட்டை தொலைந்துவிட்டது’ என்று நானே தமிழில் அடித்த கடிதம் கையில். பிலோமினா அக்கா ப்ளேன்ரீ தந்தார். பிறகு கேட்காமலே கம்பனிச் சாமான்களைக் கொண்டுவந்து அடுக்கினார். தோய்த்து மடித்த மழைக்கோட், துடைத்த ஹெல்மட், ஒரு ஸ்டேப்ளர், பாதி முடிந்த ஸ்டேப்பிள் பெட்டி. அந்தப் பாதிப் பெட்டியைக் கண்டதும் அவருடைய சீட்டி எனக்குக் கேட்கிற மாதிரி இருந்தது.

கடிதத்தை நீட்டினேன். “சும்மா ஒரு ஃபோர்மலிட்டி அக்கா. ஒரு சைன், பொலிஸில பத்து நிமிசம், மாச முடிவுக்கு முதல் காசு வந்திடும்.” என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. அவர் மகளின் மேசையில் இருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டு, ஒவ்வொரு சொல்லாக வாசித்தார். இரண்டாம் தரமும் வாசித்தார். கடிதத்தை அதே மடிப்பில் மடித்து என்னிடம் தந்தார். கோபப்பட்டிருந்தால் நான் தாங்கியிருப்பேன்.

எழும்பிப் போய் ஒரு கவரைக் கொண்டுவந்தார். செத்த வீட்டுப் படங்கள். ஒன்றைத் தேடி எடுத்து என் மடியில் வைத்து, விரலால் தொட்டுக் காட்டினார். பெட்டி, சட்டை, செபமாலை, நீலப் பட்டி. கார்டில் பேர் வாசிக்கக்கூடியதாக இருந்தது. கார்டின் ஓரத்தில் இரண்டு விரல், வெள்ளைச் சேலை மூடின ஒரு கை. அது யாருடைய கை என்று எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது.

“தொலையல்ல மகள். எங்க இருக்குன்னு எனக்குத் தெரியும்.”

அம்மாவின் கணக்கு

அந்தப் படத்தை இரவலாகக் கேட்டு வாங்கிக்கொண்டு வெள்ளவத்தைக்கு வந்தேன். அம்மா மீன் கழுவிக்கொண்டிருந்தா. முகத்தைப் பார்த்ததும் கண்டுபிடித்துவிட்டா; எங்கள் அம்மாவுக்குப் பொலிஸ் உத்தியோகம் கொடுத்திருக்க வேண்டும். எல்லாவற்றையும் கொட்டினேன். மிஸ்ஸிடம் சொன்னால் ரெக்கோட் புத்தகத்தில் சைன் வைக்க மாட்டா, ஆறு மாசமும் வீணாய்ப் போய்விடும் என்று மூக்கைச் சிந்தினேன். “உன்னை ஆர் பொய் பதியச் சொன்னது, விசர்ப் பெட்டை?” என்று முதலில் ஒரு பாட்டம் ஏச்சு விழுந்தது. கையைத் துடைத்துக்கொண்டு படத்தை எடுத்துப் பார்த்தா. பிறகு குரல் இறங்கிவிட்டது.

“மிஸ் சைன் வைக்காட்டி உனக்கு ஆறு மாசம் போகும். நீ வாய் திறக்காட்டி அந்த மனிசிக்கு வீடு போகும். படிச்ச பிள்ளைதானே, கூட்டிக் கழிச்சுப் பார்.”

நாலாவது தெரிவு

திங்கட்கிழமை மிஸ்ஸின் மேசைக்கு முன்னால் நின்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன். படத்தையும் வைத்தேன். மாச முடிவுக்கு மூன்று நாள். மிஸ் படத்தைத் தொடவில்லை. “தொலைஞ்சதெண்டு பதிஞ்சது நீயா?” ஓம் மிஸ். “தொலைஞ்சதை நீ கண்டியா?” இல்லை மிஸ். “கார்டைக் கண்டியா?” ஓம் மிஸ், கண்டனான். எனக்குக் கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. நாலைந்து மேசைகளில் தலைகள் நிமிர்ந்தன. வெட்கமாகத்தான் இருந்தது, ஆனால் நிறுத்த முடியவில்லை.

அப்போதுதான் மிஸ் படத்தைக் கையில் எடுத்தார். கார்டின் ஓரத்தைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்தார். அவருடைய விரலை அவரே அடையாளம் கண்டிருக்க வேண்டும். எழும்பினார். போட்டோகொப்பி மெஷின் வரை தானே நடந்தார். நான் வந்த நாள் முதல் அவர் அதைத் தொட்டதைக் கண்டதில்லை. படத்தையும் கொப்பியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எனக்குப் பழக்கின மாதிரியே மூலைக்கு மூலை பார்த்தார். என் முன்னால் கையை நீட்டினார். றப்பர் முத்திரையைக் கேட்கிறார் என்று விளங்க எனக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது. ஒரே குத்து. கீழே முழுப்பேரையும் எழுதிக் கையெழுத்து வைத்தார். அதற்குக் கீழே, ஊழியரின் வீட்டில் அவருடைய உடலில் இந்த அட்டையை நான் நேரில் கண்டேன், ‘தொலைந்தது’ என்ற பதிவு பிழை என்று ஆங்கிலத்தில் எழுதினார்.

தாளை அவரே அட்மினுக்குக் கொண்டுபோனார். நான் வால் மாதிரிப் பின்னால் போனேன். அதிகாரி தாளைப் பார்த்தார், கம்பியூட்டரைப் பார்த்தார், தலையைச் சொறிந்தார். “மிஸ், இதில மூண்டுதான் இருக்கு. திருப்பித் தந்ததெண்டு போடவா, தொலைஞ்சதெண்டு விடவா?” பாவம், அவரும் நல்ல மனுசன்தான், மூன்று தெரிவுக்குள் ஒரு ஆளை அடக்கச் சொல்லி அவருக்கு யாரோ பழக்கிவிட்டிருக்கிறார்கள். மிஸ் குரலை உயர்த்தவில்லை.

“ரெண்டும் இல்லை. அவர் அதைப் போட்டுக்கொண்டிருக்கிறார். அப்பிடியே எழுதுங்கோ.”

ஏழாவது மாதம்

எழுதினார்கள். கம்பியூட்டருக்குள் அது போகாது, ஆகவே படிவத்திலேயே பேனாவால் எழுதி, மிஸ் ஒன்றும் அட்மின் அதிகாரி ஒன்றுமாகக் கையெழுத்து வைத்தார்கள். மாதத்தின் கடைசி வேலை நாளன்று காசு பிலோமினா அக்காவின் கணக்குக்குப் போனது. படத்தைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது புது வாடகை ஒப்பந்தம் மேசையில் கிடந்தது, அதற்கு மேல் மகளின் கணிதப் புத்தகம். பிலோமினா அக்கா படத்தை வாங்கி, முந்தானையால் துடைத்துக் கவருக்குள் வைத்தார். எனக்கு மீன் கட்லட் தந்தார், தின்று முடிக்கும் வரை பக்கத்தில் இருந்தார்.

அடுத்த கிழமை மிஸ் என் ரெக்கோட் புத்தகத்தை லாச்சியில் இருந்து எடுத்தார். முதல் நாலு மாதத்துக்கும் கையெழுத்து இருந்தது. கார்டைத் தொலைந்ததாகப் பதிந்த அந்த ஐந்தாவது மாதத்தை மட்டும் பேனாவால் குறுக்கே வெட்டியிருந்தார். ஒரு மாதம் கூட நின்றால் ஈடு செய்யலாம், விருப்பமில்லாவிட்டால் போகலாம் என்றார். நான் நிற்கிறேன் என்றேன். புத்தகத்தை மூடிக்கொண்டே சொன்னதுதான் இன்றைக்கும் காதில் நிற்கிறது.

“நீ அவவுக்கு நல்லது செய்யத்தான் பொய் பதிஞ்சாய், எனக்கு அது தெரியும். அதாலதான் ஒரு மாசத்தோட விட்டிருக்கிறன்.”

கடைசி நாள்

ஏழாவது மாதம் முடிந்தது. எனக்கும் அதே படிவம், அதே பதினொரு கட்டம். கம்பியூட்டர் பிரிவுப் பொடியன் என்னைக் கண்டதும் லப்டொப்பைப் பற்றி மூச்சும் விடாமல் கையெழுத்து வைத்தான். மஞ்சள் பட்டியைக் கழற்றி வாசலில் செக்யூரிட்டி அண்ணனிடம் கொடுத்தேன். ‘திருப்பித் தரப்பட்டது’ என்று பதிந்தார். ஏழு மாதம் வெறுத்த பட்டி, கழற்றினதும் கழுத்து ஒரு மாதிரி லேசாகிப் போனது. நாலு அடி வைத்த பிறகுதான், அம்மாவின் சாப்பாட்டுப் பெட்டி ஏழாம் மாடியில் கிடப்பது ஞாபகம் வந்தது. அதை விட்டுவிட்டு வீட்டுக்குப் போனால் என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். திரும்பி ஓடி வந்தேன். அண்ணன் கையை நீட்டி மறித்தார், முதல் நாள் மறித்த அதே கை. புத்தகத்தில் பேர் எழுதச் சொன்னார், சிவப்புப் பட்டியை எடுத்து நீட்டினார்.

“கோவிச்சுக்காதீங்க மிஸ். இப்ப நீங்க விசிட்டர்.”

சிவப்புப் பட்டியோடு ஏறிப் போய் அம்மாவின் சாப்பாட்டுப் பெட்டியை எடுத்துக்கொண்டு இறங்கி வந்த எனக்குத் தெரிந்த வரையில், அந்தக் கம்பனியில் நீலப் பட்டியை ஒருவராலும் திருப்பி வாங்க முடியாத ஒரே நிரந்தர ஊழியர் அன்ரன் அண்ணாதான்.